வரைபடத்தின் வெள்ளைப் பகுதியில் வாழ்கிறோம்

மதிப்பிற்குரிய நகர, கிராமத் திட்டமிடல் அலுவலர்களுக்கும் மாவட்ட வரைபடங்களைத் தயாரிக்கும் அனைவருக்கும்,

வணக்கம். மலேசியாவில் பினாங்கு, கெடா, பேராக் மாநிலங்கள் கிரியான் ஆற்றருகே சந்திக்கும் பகுதியில், பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபாலிலிருந்து எழுதுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கிரியான் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். இந்த மடலின் சாரத்தை மலாயில் ஆட்சேபக் கடிதமாக எழுதி, கேட்ட இடத்தில் கொடுத்துவிட்டேன். அதையே தமிழில் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் நிலத்தில் வாழ்கிறவர்கள் இதைப் படித்து, நான் விட்டதைச் சேர்க்க வேண்டும். தவறாகச் சொன்னதைத் திருத்த வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் எங்கள் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சுவர் அளவுக்குப் பெரிய வரைபடம். செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக்குப் பச்சை, குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்பேட்டைக்கு ஊதா. உழைத்துச் செய்த வேலை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் மாவட்ட எல்லைக்கோடு வந்ததும் வண்ணமெல்லாம் நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. சாலைகூட எல்லையோடு அறுந்து நின்றது. என்னுடன் வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர், வரைபடத்துக்கு வெகு அருகில் போய் நின்று தேடினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “டீச்சர், நம் கோயில் எங்கே?”

கோயில் வெள்ளையில் இருந்தது. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன், அதாவது மேல் பிரிவு, பினாங்கு மாநிலத்திலும் கீழ் டிவிஷன் கெடா மாநிலத்திலும் இருந்தன. மாரியம்மன் கோயில் கீழ் டிவிஷனில். எங்கள் இறந்தவர்களை எரிக்கும் இடம் ஆற்றைத் தாண்டி, பேராக் மண்ணில். அக்காவின் மகள் வேலை செய்யும் கடையும் பேரன் படிக்கும் பள்ளியும் அப்படித்தான் கோட்டுக்கு வெளியே. அந்தப் பெண்மணியின் வாழ்க்கையில் பாதிக்கு மேல் உங்கள் வரைபடத்தில் வண்ணம் பெறாத தாளில் கிடந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எங்களுக்கு மூன்று விதமான வட்டாரங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றை மட்டும் வரைகிறீர்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பஸ் எங்கே ஓடும், மருந்தகம் எங்கே திறக்கும், வெள்ளத்தின்போது யார் எங்கே தங்குவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறீர்கள். மற்ற இரண்டையும் வரைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வட்டாரம் என்பது மலையைப் போல, ஆற்றைப் போல நிலத்தில் தானாகக் கிடக்கும் பொருள் இல்லை. ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மனிதர்கள் நிலத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை அது. சல்லடையின் கண்ணை மாற்றினால் கீழே விழுவது மாறுகிற மாதிரி, கேள்வியை மாற்றினால் கோடும் இடம் மாறும். எங்கே நெல் விளைகிறது என்று கேட்டால் ஒரு கோடு. எந்தக் கடைத்தெருவுக்கு மக்கள் போகிறார்கள் என்று கேட்டால் வேறொரு கோடு. உன் ஊர் எது என்று கேட்டால் மூன்றாவது கோடு. இதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்தேன். பிள்ளைகள் எழுதித் தேர்விலும் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் வாழும் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அந்தப் பாடத்துக்கு இடமில்லை என்பதை அந்த மண்டபத்தில்தான் நேரில் பார்த்தேன்.

முதல் வகையை நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஏதோ ஒரு பண்பு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும் நிலம். பயிர், மண், மழை, மொழி, சட்டம், எது வேண்டுமானாலும் அந்தப் பண்பாக இருக்கலாம். பாடநூல்கள் முறைசார் வட்டாரம் என்று சொல்கின்றன. ஒருசீர் வட்டாரம் என்பது இன்னும் தெளிவான பெயர். மாவட்டமும் மாநிலமும் இந்த வகையில் சேரும், ஏனென்றால் அந்த எல்லைக்குள் ஒரே நிர்வாகம் செல்லுபடியாகிறது. பேராக்கின் கிரியான் நெல்வயல்களும் இந்த வகைதான். 1906இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டமும் அதற்கு நீர் தரும் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் அந்தச் சமவெளியை நெல் வட்டாரமாக நிலைநிறுத்தின. அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கரும்பு. 19ஆம் நூற்றாண்டில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். பிறகு கரும்பு போய்க் கித்தா வந்தது, கித்தா போய்ச் செம்பனை வந்தது. ஒருசீர் வட்டாரத்தின் சீர் ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே மாறிவிடுகிறது. என் அப்பா பால் வெட்டிய நிரைகளில் இன்று ஒரு பால்மரமும் இல்லை.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்வயல் முடிந்து செம்பனை தொடங்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். இரண்டும் கலந்த ஒரு பட்டை இருக்கும்: நாலு வரப்பு, அதையடுத்துச் செம்பனைக் கன்றுகள், பிறகு மறுபடியும் ஒரு வயல். நிர்வாக எல்லை மட்டும்தான் முடி அளவுக்கு மெலிந்த கோடாக இருக்கிறது. அதுவும் மனிதர் எழுதிய தாளில் பிறந்தது. முடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் நடுவிலுள்ள நிலத்தை 1800இல் கெடா ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை தெற்கு எல்லையைத் திருத்தியது. கோடு வரைந்தவர்களுக்கு ஆறு ஒரு வசதி. எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டாம், தண்ணீர் வந்ததும் நிறுத்திவிடலாம். ஆற்றோரத்தில் பிறந்தவர்களுக்கு ஆறு அப்படி இல்லை. படகு போகும் வழி, மீன் பிடிக்கும் இடம், மாமன் வீட்டுக்குப் போகும் பாதை. நடுவில் ஓடும் ஆற்றை ஓரமாக நினைக்க எங்களால் முடிந்ததே இல்லை.

இரண்டாவது வகை எங்களுக்கு மிக அவசரமானது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். செயல் வட்டாரம். ஒரு மையமும், அதை நோக்கி மக்களும் பொருளும் பணமும் வந்து போகும் ஓட்டமும் சேர்ந்து உருவாவது. அந்த ஓட்டம் எதுவரை எட்டுகிறதோ, அதுவரை அந்த வட்டாரம். ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் கிறிஸ்டாலர் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். அன்றாடம் வேண்டிய பொருளுக்கு மக்கள் அதிகத் தூரம் போகமாட்டார்கள். எப்போதாவது வேண்டியதற்குத் தூரம் போவார்கள். அதனால் சிறிய மையங்களின் வட்டாரங்கள் பெரிய மையங்களின் வட்டாரங்களுக்குள் அடங்கி நிற்கும் என்றார். எங்கள் அம்மாக்களுக்கு இது படிக்காமலே தெரியும். உப்புக்கும் சீனிக்கும் லயத்துக் கடை (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). மளிகைக்கும் பூவுக்கும் நிபோங் திபால் அல்லது பாரிட் புந்தார். நகைக்கும் பட்டுச் சேலைக்கும் பட்டர்வொர்த், அதையும் விட்டால் கப்பலேறிப் பினாங்குத் தீவு.

இப்போது பண்டார் பாருவை எடுத்துக்கொள்ளுங்கள். கெடா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஆற்றின் வடகரையில் இருக்கிற சிறிய ஊர். நேர் எதிர்க்கரையில் பேராக்கின் கிரியான் மாவட்டத் தலைநகரான பாரிட் புந்தார். நடுவில் ஒரு பாலம். சொந்த மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டார் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பண்டார் பாருவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அவர் வீட்டார் எந்தத் திசையில் வண்டியைத் திருப்புவார்கள் என்பதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை. அரசின் கையிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. கெடாவின் அஞ்சல் குறியீடுகள் பெரும்பாலும் 05, 06, 08, 09 என்று தொடங்கும். பண்டார் பாருவின் குறியீடு 34950. பாரிட் புந்தாரின் குறியீடு 34200. இரண்டும் பேராக்கின் வரிசை. அஞ்சல் துறை மாநில எல்லையைப் பார்க்காமல், கடிதம் எந்தப் பாதையில் போய்ச் சேரும் என்பதைப் பார்த்து எண் கொடுத்திருக்கிறது. என் மாணவர்களிடம் செயல் வட்டாரத்துக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் எழுதிப் போட்டது அந்த ஐந்து இலக்கங்களைத்தான்.

செயல் வட்டாரத்துக்கு உயிர் உண்டு. அது வளரும், தேயும். 1972இல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய பிறகு, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் முதன்முதலாகப் பால்வாளியைத் தொடாமல் சம்பளம் வாங்கினார்கள். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் லயத்து வாசலுக்கு வந்தது. அந்த பஸ் எதுவரை வந்ததோ, அதுவரை பினாங்குத் தீவின் வட்டாரம் நீண்டது. 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் பெருநிலத்திலுள்ள பத்து காவான் என்ற இடத்திலிருந்து தீவுக்குத் திறக்கப்பட்டதும் எங்கள் பக்கத்துக்கும் தீவுக்கும் உள்ள தூரம் ஒரே நாளில் சுருங்கியது. பாரிட் புந்தாரில் வீடு, தீவில் வேலை என்று வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். இத்தனைக்கும் மாவட்டக் கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது கூட்டரசு அரசியலமைப்பின் ஏற்பாடு; அதை நான் மதிக்கிறேன். கோட்டுக்கு இரு பக்கமும் நடப்பதைப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அனுபவித்தோம். ஓர் ஆண்டு ஆறு பெருகி எங்கள் தாழ்வான பகுதிக்குள் தண்ணீர் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டில், காய்ந்த ஒரு பள்ளி இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும். எங்களை அங்கே சேர்க்க முடியாது, அது வேறு மாநிலத்தின் நிவாரண மையம் என்று சொல்லி, தண்ணீர் தேங்கிய சாலை வழியாக வெகுதூரம் கொண்டுபோய் எங்கள் மாவட்டத்து மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அன்று பணியில் இருந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எங்களைத் தூக்கிவிட்டவர்கள் அவர்கள். அவர்கள் கையில் இருந்த வரைபடம் எல்லையோடு முடிந்திருந்தது. தண்ணீர் எல்லையோடு முடியவில்லை. ஒரே ஆற்றின் வெள்ளம் மூன்று மாநிலங்களுக்குள்ளும் ஒரே இரவில் வந்தது.

மூன்றாவது வகையைப் பற்றிப் பேசும்போது அலுவலகங்களில் சிலர் புன்னகைப்பதைப் பார்த்திருக்கிறேன். மனத்தில் உள்ள வட்டாரம் என்றால் அளக்க முடியாதது, எனவே கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள். மக்கள் தாங்களே உணர்ந்து, பெயரிட்டு, “நாங்கள் இங்கே, அவர்கள் அங்கே” என்று பேசும் நிலப்பகுதி அது. கிள்ளான் பள்ளத்தாக்கு என்ற பெயரில் மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை. ஆனால் நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லாத நாள் உண்டா? தமிழ்நாட்டில் செட்டிநாடு என்று ஒரு மாவட்டம் கிடையாது. சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரண்டு மாவட்டங்களில் அது விரிந்து கிடக்கிறது. அங்கே பிறந்தவர் எவரிடமும் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் முன்னோர் நிலத்தைத் திணையாகப் பிரித்தபோது மண்ணையும் பொழுதையும் மட்டும் எழுதி நிறுத்தவில்லை. அங்கே பூக்கும் பூ, அடிக்கும் பறை, வணங்கும் தெய்வம், மனத்தில் எழும் உணர்வு என்று எல்லாவற்றையும் சேர்த்தே குறிஞ்சி என்றார்கள், நெய்தல் என்றார்கள். நிலத்தோடு மனத்தையும் சேர்த்து எண்ணும் பழக்கம் எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஆற்றுக்குத் தென்கரையிலும் பினாங்கு மாநிலத்துக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதன் பெயர் டிரான்ஸ்கிரியான். கிரியானுக்கு அப்பால் என்று பொருள். யாருக்கு அப்பால்? வடகரையில் நின்று பார்த்தவருக்கு அப்பால். தென்கரையில் குடியிருப்பவருக்கு அது அப்பால் இல்லை, வீடு. பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அரசு வரைபடத்தில் அச்சாகிவிட்டதால் அது ஒருவருடைய பார்வை என்பதை மறந்துவிடுகிறோம்.

வகுப்பில் நான் ஒரு பயிற்சி கொடுப்பேன். எந்த வரைபடத்தையும் பார்க்காமல் உங்கள் வட்டாரத்தை வரையுங்கள் என்பேன். நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். மாநில எல்லையை வரைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் கோயில் நடுவில். ஆறு தாளின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் ஒரு தெருவைப் போல ஓடும். ஒரு பையன் செம்மண் சடக்கை (சாலையை) நெடுஞ்சாலையைவிட அகலமாக வரைந்திருந்தான். பள்ளிக்கு அவன் நடந்து வருவது அதன் வழியாகத்தான். ஒரு பெண் இடிக்கப்பட்ட லயத்தைப் புள்ளிக்கோட்டால் வரைந்து, “பாட்டி வீடு இருந்தது” என்று எழுதியிருந்தாள். அவள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. சிலர் மலிவு விலை அடுக்குமாடிக்கு, சிலர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கு, சிலர் கூலிமுக்கு, சிலர் கிள்ளானுக்கே போய்விட்டார்கள். நிறுவனத்தின் பதிவில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்த்தோம். எங்களுக்கு அது ஆற்றோரத் தோட்டம். இன்று அந்தப் பெயரில் எந்தப் பலகையும் இல்லை. ஆனால் ஆடி மாதத் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். மூன்று மாநிலத்திலிருந்தும் வேன்கள் வரும். அமெரிக்கப் புவியியலாளர் டொனால்ட் மெய்னிக் 1965இல் ஒரு பண்பாட்டு வட்டாரத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துக் காட்டினார்: அடர்ந்த கரு, அதைச் சூழ்ந்து அந்தப் பண்பாடு ஓங்கி நிற்கும் பரப்பு, அதற்கும் வெளியே ஆங்காங்கே சிறு கூட்டமாகச் சிதறியவர்கள் வாழும் தொலைவட்டம். திருவிழா நாளில் கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு வேனையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் மூன்று வளையங்களையும் ஒரே பகலில் வரைந்துவிடலாம். நான் ஒருமுறை அப்படிக் கேட்டேன். கிள்ளானிலிருந்து வந்த ஓர் இளைஞர், தோட்டம் போன பிறகு பிறந்தவர், “நாங்கள் ஆற்றோரத் தோட்டத்துக்காரர்கள்” என்று பதில் சொன்னார்.

அந்த மன வட்டாரத்தைக் கணக்கில் எடுக்காமல் கோயிலுக்குப் போகும் பாதையை உங்கள் வரைவில் அடைத்திருக்கிறீர்கள். ஒரு தொழிற்பேட்டையின் வேலி அதன் குறுக்கே போகிறது. பாதை எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் வேலியை நாற்பது அடி தள்ளிப் போட்டிருக்கலாம். அது போகும் இடம் வெள்ளையில் இருந்ததால், எங்கும் போகாத பாதையாக உங்கள் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

எல்லையைத் தாண்டித் திட்டமிட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த நாடே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2007இல் அறிவிக்கப்பட்ட வடக்குப் பொருளாதார வட்டாரம் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகியவற்றோடு பேராக்கின் வட பகுதியையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் மூன்று மாவட்டங்களும் அதற்குள் இருக்கின்றன. கிழக்குக் கரைப் பொருளாதார வட்டாரம் கிளந்தான், திரெங்கானு, பகாங் என்பதோடு நிற்காமல் ஜொகூரின் மெர்சிங் மாவட்டத்தையும் உள்ளே எடுத்தது. பெரிய முதலீட்டுக்காகக் கோட்டைத் தாண்ட முடிகிறது என்றால், ஒரு பஸ்ஸுக்காகவும் ஒரு பாதைக்காகவும் தாண்டலாம். பெர்லிஸ் முதல் பேராக் வரை நீளும் வட்டாரத்தில் எங்கள் ஆற்று முக்கோணம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது பத்து, பதினைந்து கிலோமீட்டர் அகலத்துக்கான வரைபடம்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த வரைவில் எல்லைக்கு வெளியே குறைந்தது பத்து கிலோமீட்டருக்கு வண்ணம் தீட்டுங்கள். அக்கம்பக்கத்து மாவட்ட அலுவலகங்களிடம் அந்த விவரங்கள் இருக்கின்றன. எங்கள் செயல் வட்டாரத்தை அறியப் பெரிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கக் காத்திருக்க வேண்டாம். பள்ளி வேன் ஓட்டுநர்களையும் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர்களையும் ஒரு மாலைப் பொழுது உட்கார வைத்து, நீங்கள் எங்கே ஆள் ஏற்றுகிறீர்கள், எங்கே இறக்குகிறீர்கள் என்று கேளுங்கள். பாரிட் புந்தார் சந்தைக்கு விடியற்காலையில் காய் கொண்டுவரும் வியாபாரிகளைக் கேளுங்கள். நிவாரண மையங்களின் பட்டியலை மூன்று மாவட்டங்களும் ஒன்றாக உட்கார்ந்து தயாரியுங்கள். தோட்டங்களுக்கும் டிவிஷன்களுக்கும் மக்கள் வழங்கிய பெயர்களை, மலாய்ப் பெயர், சீனப் பெயர், தமிழ்ப் பெயர் எதுவானாலும், அடைப்புக்குறிக்குள்ளாவது வரைபடத்தில் எழுதுங்கள். அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. நீங்கள் வைத்தீர்கள், நாங்கள் வந்தோம். ஆனால் அங்கே இருந்த படிவத்தில், எந்த மனை எண்ணைப் பற்றிய ஆட்சேபம் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவின் கேள்விக்கு மனை எண் இல்லை. அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த முறை மண்டபத்தில் இன்னொரு மேசை போடுங்கள். அதில் எல்லைக்கோடு இல்லாத ஒரு பெரிய தாளை விரித்து, ஆற்றையும் பாலங்களையும் மட்டும் வரைந்து வையுங்கள். பக்கத்தில் பென்சில்கள். நான் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். என் மாணவர்களின் தாள்களையும் கொண்டு வருகிறேன். கோயில் எங்கே இருக்கிறது என்பதை அக்கா தன் கையாலேயே குறிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
நிபோங் திபால், கிரியான் ஆற்றின் வடகரை.